வீட்டில் வாஃபிள் மொறுமொறுவென்று வர எந்த மெஷின் வாங்கலாம்?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். நான்கு பேர் இருக்கும் வீடு என்றால் 900 முதல் 1000 வாட்ஸ் உள்ள, ஆழமான கட்டங்கள் கொண்ட, வாஃபிள் மட்டுமே சுடுகிற வட்ட மெஷினை வாங்குங்கள். ஒருவர், இருவர் என்றால் 10 சென்டிமீட்டர் மினி மெஷினே போதும். தட்டை மாற்றிப் போட்டால் சாண்ட்விச், கிரில், வாஃபிள் மூன்றும் வரும் என்று விற்கிறார்களே, அந்த த்ரீ-இன்-ஒன்னை வாஃபிளுக்காக வாங்கவே வேண்டாம். மூன்று வகையும் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் மாறி மாறி இருந்திருக்கின்றன, மூன்றிலும் ஒரே மாவை ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கம்பெனி பெயர் எதுவும் எழுதவில்லை. ஒரே மாதிரி மெஷின் வேறு வேறு ஸ்டிக்கரோடு ஆன்லைனில் கிடைக்கிறது, அதனால் பெயரை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

வாஃபிள் சுடுவது என்றால் மாவில் இருக்கும் தண்ணீரை வேகமாக வெளியேற்றுவது, அவ்வளவுதான் விஷயம். மைதா, பால், முட்டை, எண்ணெய் எல்லாம் கலந்த வாஃபிள் மாவில் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். நான்கைந்து நிமிடத்துக்குள் வெளிப்பக்கத்து ஈரம் முழுக்க ஆவியாகிப் போய் மேலே ஒரு காய்ந்த பொன்னிற ஓடு பிடிக்க வேண்டும், உள்ளே மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும். அதற்குத் தட்டு 180, 200 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும். மெல்லிசுத் தட்டாக இருந்தால் குளிர்ந்த மாவு விழுந்தவுடன் சூடு இறங்கிவிடும், அப்புறம் மெஷின் மறுபடி சூடேறுவதற்குள் மாவு தன் ஆவியிலேயே வெந்து, சிவக்காமல், கட்டம் போட்ட பஞ்சு ரொட்டியாக வந்து நிற்கும். வீட்டில் செய்த வாஃபிள் கடை வாஃபிள் மாதிரி இல்லையே என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை ரெசிபியில் இல்லை, தட்டில்தான் இருக்கிறது.

அந்த த்ரீ-இன்-ஒன் சறுக்குவதும் இங்கேதான். கழற்றி மாட்டும் தட்டுக்கும் அடியில் இருக்கும் சூட்டுச் சுருளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, தட்டும் மெல்லிசு, கட்டத்தின் ஆழம் ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். அது போதாதென்று கீல் சாண்ட்விச்சுக்கு ஏற்ற மாதிரி இறுகலாக இருக்கிறது. மாவு உப்பும்போது மூடி சமமாக மேலே எழும்பாமல் கைப்பிடிப் பக்கம் மட்டும் வாயைத் திறக்கிறது, பின்பக்கம் அழுத்தம் தாங்காமல் மாவு வழிகிறது. எங்கள் வீட்டில் இருந்ததில் எவ்வளவு நேரம் வைத்தாலும் வாஃபிளின் அடிப்பக்கம் சிவந்து மேல்பக்கம் வெளுத்தே இருக்கும், ஓரத்தில் கோட்டிங்கும் சிலந்தி வலை மாதிரி கோடு கோடாகச் சீக்கிரமே கீறிக்கொண்டது. தட்டைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம் என்பது உண்மையில் பெரிய வசதி, அதை மறுக்க மாட்டேன். விலை கூடின சில மெஷின்களில் கழற்றும் தட்டையே கனமாகச் செய்து சுருளோடு ஒட்டி உட்காரும்படி வைக்கிறார்கள், அது வேறு ரகம். 2,000 ரூபாய்க்கு மூன்று வேலை செய்யும் என்று வருவதைத்தான் சொல்கிறேன். சாண்ட்விச்சுக்கு அது நன்றாகவே உழைக்கும், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மினி மெஷினை நிறையப் பேர் பொம்மை என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் வட்டம் என்றால் சுமார் 78 சதுர சென்டிமீட்டர், அதற்கு 350 வாட்ஸ், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு நாலரை வாட்ஸ் வருகிறது. 18 சென்டிமீட்டர் வட்ட மெஷின் 1000 வாட்ஸ் என்றாலும் சதுர சென்டிமீட்டருக்கு நான்குதான். மொத்த வாட்ஸைப் பார்த்து மெஷினை எடை போட்டால் ஏமாந்துபோவோம், எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு வாட்ஸ் என்று பார்க்க வேண்டும். மினியில் வருகிற வாஃபிள் நல்ல நிறமாக, சுற்றி மொறுமொறுவென்று வருகிறது. குறை என்னவென்றால் ஒரு தடவைக்கு ஒன்றுதான், கட்டம் ஆழம் குறைவு. மூன்று பிள்ளைகள் தட்டோடு நின்றால் கடைசிப் பிள்ளை கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கும், ஹாஸ்டல் விட்டு முதல்முறை அறை எடுத்திருப்பவர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை, சுவரலமாரியில் ஒரு டப்பா வைக்கிற இடம்தான் பிடிக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் நிலைத்திருப்பது வட்ட மெஷின். கட்டம் நன்றாக இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம், கையில் தூக்கினாலே தட்டின் கனம் தெரிகிறது, கீல் ஆடிக் கொடுக்கிற மாதிரி இருப்பதால் மாவு எழும்போது மூடி முழுதாக மேலே ஏறுகிறது. ஆழம் ஏன் முக்கியம் என்றால், கட்டம் ஆழமாக ஆக சூடு படும் பரப்பு கூடுகிறது, ஓடு கூடுகிறது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் என்று சொல்கிற நீள்சதுர வகை இப்படித்தான், ஆழமான கட்டம், உள்ளே காற்றோட்டமான லேசான மாவு. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மொரிஸ் வெர்மெர்ஷ் என்பவரின் குடும்பம் இதை ஸ்ட்ராபெரியும் அடித்த கிரீமும் போட்டு விற்றபிறகுதான் அமெரிக்கா முழுக்க ‘பெல்ஜியன் வாஃபிள்’ என்ற பெயரே பரவியது. நம் ஊர் மெஷின் பெட்டிகளில் ‘பெல்ஜியன்’ என்று போட்டிருந்தால் ஆழமான கட்டம் என்று பொருள் எடுத்துக்கொள்ளலாம், ஆனாலும் பெட்டியை நம்பாமல் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். கோவையில் கிராஸ்கட் ரோடு பக்கம் ஒரு கடையில் நான்கைந்து டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னபோது ‘பெல்ஜியன்’ என்று போட்ட ஒன்றில் என் ஆள்காட்டி விரல் நகம் மறையும் அளவுக்குக்கூட ஆழமில்லை. அந்தக் கடைப் பையன் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான், ‘எல்லாரும் கலர் பார்த்துத்தான் எடுக்கிறாங்கக்கா’ என்றான்.

தலைகீழாகத் திருப்பும் மாடல் வேண்டுமா என்று கேட்பார்கள். ஹோட்டலில் காலை பஃபேயில் பார்த்திருப்பீர்கள், மாவை ஊற்றிக் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றுவார்கள். இது அடுப்பு காலத்து ஏற்பாடு. 1869இல் நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரில் கொர்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் என்பவர் அடுப்பு மேல் வைத்துச் சுடும் வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை வாங்கினார், சூடு கீழிருந்து மட்டும் வருவதால் அதைத் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். மின்சார மெஷினில் மேலும் கீழும் இரண்டு தட்டும் சூடாகிறது, திருப்புவதால் மாவு மேல் தட்டின் மூலைக்கும் ஓடிப் பரவும், அது ஒன்றுதான் ஆதாயம். வீட்டுக்கு வேண்டாம், இடம்தான் அடைக்கும். மூடியபிறகு மாவு எழும்பி மேல்தட்டைத் தொடுகிற அளவுக்கு ஊற்றத் தெரிந்தால் போதும்.

மின்சாரத்தைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. 1000 வாட்ஸ் மெஷின் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஓடும், 230 வோல்ட்டில் அந்த சாக்கெட் 1380 வாட்ஸ் வரை தாங்கும். ஆனால் அதே பலகையில் எக்ஸ்டென்ஷன் போட்டு மிக்ஸியும் கெட்டிலும் சேர்த்து ஓட்டாதீர்கள். இன்னொன்று, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் இருப்பவர்களுக்கு. வோல்டேஜ் 230இலிருந்து 190க்கு இறங்கினால் 1000 வாட்ஸ் மெஷின் தருவது சுமார் 680 வாட்ஸ்தான், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. காலையில் பிரமாதமாக வந்த அதே மாவு ராத்திரி ஏழரைக்குத் தொளதொளவென்று வந்தால் மாவைத் திட்டாதீர்கள். எங்கள் பகுதியில் இது அடிக்கடி நடக்கும், அதனால் நான் வாஃபிளைக் காலை டிபனுக்கோ மத்தியானம் மூன்று மணிக்கோ வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த மெஷின் என்றால் அடியில் ஸ்டிக்கரைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் பிளக்கில் நேரடியாகச் செருகவே கூடாது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு வாட்ஸ் இழுத்து நொடியில் கருகிவிடும். 230 வோல்ட்டை 120க்கு இறக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அந்த விலைக்கு இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

மெஷினில் எரியும் பச்சை விளக்கை நம்பாதீர்கள். விலை குறைந்த மெஷின்களில் அது தட்டின் சூட்டை மட்டும் சொல்கிறது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அணைந்து எரியும்போதெல்லாம் அதுவும் அணைந்து எரியும், உள்ளே வாஃபிள் வெந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆவியைப் பாருங்கள். மாவை ஊற்றி மூடினதும் சுற்றிலும் குபுகுபுவென்று ஆவி வரும், மூன்றாவது நிமிடத்தில் அது மெலியும், நாலரை, ஐந்து நிமிடத்தில் இழையாகி நின்றுபோகும். நின்றபிறகும் அரை நிமிடம் விடுங்கள். அப்புறம் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள், சுலபமாக வந்தால் சரி, பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், அவசரப்பட்டு இழுத்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து மேல்தட்டில் பாதி ஒட்டிக்கொள்ளும். வெந்த வாஃபிளின் மேல் நகத்தால் தட்டினால் ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

சரி, மாவுக்கு வருவோம். நான் போடும் அளவு இது: மைதா ஒரு கப், கார்ன்ஃபிளார் கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் ஒரு கப், எண்ணெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே, முட்டை ஒன்று, வெனிலா எசன்ஸ் சில துளி. கார்ன்ஃபிளார் எதற்கென்றால், மைதாவின் பசைத்தன்மையைக் குறைத்து ஓடு நொறுங்குகிற மாதிரி செய்யும். அதற்குப் பதில் கடையில் வாங்கிய நைசான பச்சரிசி மாவும் போடலாம், இன்னும் கடகடவென்று வருகிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வெண்ணெயா எண்ணெயா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது, எண்ணெயில் இல்லை, மொறுமொறுப்பு வேண்டுமென்றால் எண்ணெய். வாசனைக்கு ஒரு ஸ்பூன் நெய் சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சர்க்கரையைக் கூட்டினால் சீக்கிரம் சிவக்கும், ஆனால் ஆறியதும் ஈரத்தை இழுத்து மெதுமெதுவென்று ஆகிவிடும், அதனால் இனிப்பு வேண்டுமென்றால் மேலே ஊற்றிக்கொள்ளுங்கள், மாவில் போடாதீர்கள்.

உலர்ந்ததைத் தனியாக, ஈரமானதைத் தனியாகக் கலந்து கடைசியில் சேர்த்து ஒரு கிளறு. சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கரைக்கிறேன் என்று பீட்டர் போட்டு அடித்தால் மைதா பசையேறி வாஃபிள் ரப்பராக வரும். பதம் இட்லி மாவு பதம், கரண்டியிலிருந்து மொத்தமாக விழ வேண்டும், ஓடக் கூடாது. பத்து நிமிடம் மூடி வையுங்கள், அதற்குள் மெஷின் நன்றாகச் சூடாகிவிடும். நேரம் இருக்கிறவர்கள் முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரை நிற்க அடித்துக் கடைசியில் மெதுவாகச் சேர்த்துப் பாருங்கள், உள்பக்கம் வேறு மாதிரி ஆகிவிடும், விருந்தாளி வரும் நாளுக்கு அது.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு: பாலில் பாதியைக் குறைத்துவிட்டு, குறைத்த அளவுக்குக் கொஞ்சம் புளித்த தயிர் ஊற்றி, பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாக்கி, அரை டீஸ்பூன் ஆப்பசோடா சேருங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் நுரைக்க ஆரம்பிக்கும், அதனால் இந்த மாவை வைத்திருக்காமல் உடனே ஊற்றுங்கள். இது முட்டை போட்டதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வெளிநாட்டு ரெசிபிகளில் ஈஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க வெளியே வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது, பாலும் முட்டையும் இருக்கிற மாவு காலைக்குள் கெட்டுப்போகும், ஈஸ்டை அரை டீஸ்பூனோடு நிறுத்தி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அப்புறம் நம் மாவு. என் மாமியார் மைதா பக்கமே வர மாட்டார். இந்த மெஷினைப் பார்த்துவிட்டு ‘அடை மாவு ஊத்திப் பாரேன்’ என்றார், ஊற்றினோம், அதிலிருந்து இந்த மெஷின் உள்ளே போவதே இல்லை. கொரகொரப்பாக அரைத்த அடை மாவில் வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு போட்டு, தட்டில் நல்லெண்ணெய் தாராளமாகத் தடவி, ஏழெட்டு நிமிடம் விட்டால் ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் பருப்பு சிவந்து நிற்கிறது, கட்டத்துக் குழியில் அவியல் அழகாக உட்காருகிறது. இட்லி மாவும் வரும், வெளியே முறுகலாக, உள்ளே குழிப்பணியாரம் மாதிரி மெத்தென்று. ஆனால் தோசைக்குத் தளர்த்திய மாவை ஊற்றாதீர்கள், ஓரத்தில் வழிந்து கீலுக்குள் போய்விடும், சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். புளித்த மாவில் சர்க்கரை, கொழுப்பு இரண்டுமே குறைவு என்பதால் நேரம் கூடப் பிடிக்கும், பொறுமை வேண்டும். உளுந்து வடை மாவும் முயன்றோம், கொஞ்சம் எண்ணெயிலேயே முறுகலாக வருகிறது, ஆனால் எண்ணெயில் பொரித்த வடையின் இடத்துக்கு அது வராது, அந்த எதிர்பார்ப்போடு ஊற்றாதீர்கள்.

ஒட்டாமல் இருக்க பிரஷ்ஷால் எண்ணெய் தடவுங்கள், முதல் வாஃபிளுக்குக் கட்டாயம், அப்புறம் தேவையைப் பார்த்து. ஸ்பிரே டப்பாவில் வருகிற எண்ணெய் வேண்டாம், அதில் இருக்கும் லெசித்தின் சூட்டில் பிசினாகப் படிந்து நாளடைவில் அந்தப் பிசினிலேயே எல்லாம் ஒட்ட ஆரம்பிக்கும். எண்ணெய் தடவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பவர்மன், 1970களின் தொடக்கத்தில் ஓட்டக்காரர்களின் ஷூவுக்கு அடிப்பாகம் தேடி மனைவியின் வாஃபிள் இரும்பில் யூரித்தேன் என்கிற ரப்பர் மாதிரியான பொருளை ஊற்றிப் பார்த்தார், ஒட்டாமல் இருக்க எதுவும் தடவாததால் இரும்பு திறக்கவே முடியாமல் இறுகிப்போனது. ஷூ பிழைத்துக்கொண்டது, இரும்பு போச்சு. வெந்த வாஃபிளை எடுப்பதற்கு மரக்குச்சியோ சிலிக்கான் கரண்டியோதான், ஃபோர்க், கத்தி, தோசைக் கரண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. தட்டைக் கழற்ற முடியாத மெஷினைத் தண்ணீரில் காட்டவே கூடாது. சூடு ஆறியதும், முழுக்கக் குளிரும் முன்னால், ஈரத்துணியை மரக்குச்சி முனையில் சுற்றிக் கட்டங்களுக்குள் துடைத்தால் வந்துவிடும். காய்ந்து கெட்டியானது இருந்தால் ஈரமான டிஷ்யூவை நடுவில் வைத்து மூடி பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: கடையில் ஒன்று 150 ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறது, சாக்லேட் ஊற்றினால் 200 தாண்டும். வீட்டில் ஒரு வாஃபிளுக்குச் சாமான் 15 ரூபாய்க்கு மேல் போகாது, கரண்ட் ஒரு மணி நேரம் தொடர்ந்து சுட்டாலும் ஒரு யூனிட்டுக்குள்தான். நல்ல வட்ட மெஷின் 3,000, 4,000 ஆகிறது, மினி 1,500க்குள் கிடைக்கிறது. மாதம் இரண்டு தடவை செய்யும் வீடு என்றால் வாங்கலாம், வருடத்துக்கு ஒரு பிறந்தநாளுக்கு மட்டும் என்றால் கடையிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர்களின் மெஷினில் தட்டு இன்னும் கனம், வாட்ஸும் கூட, அந்த சாக்லேட் சாண்ட்விச் வாஃபிளின் கெட்டியான முறுகல் வீட்டு மெஷினில் முழுக்க வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுட்டு எடுத்ததைத் தட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அவ்வளவு நேரம் விரட்டிய ஆவி அடியில் தேங்கி இரண்டே நிமிடத்தில் ஓடு தளர்ந்துவிடும். கம்பி ஸ்டாண்டில் தனித்தனியாக வையுங்கள், ஸ்டாண்ட் இல்லையென்றால் குக்கரோடு வரும் கம்பித் தட்டோ, இரண்டு கரண்டிகளைக் குறுக்கே வைத்தோ சமாளிக்கலாம். மேலே ஊற்ற மேப்பிள் சிரப் தேடி அலைய வேண்டாம், கருப்பட்டியைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி ஒரு சிட்டிகை சுக்கு போட்டு ஊற்றிப் பாருங்கள், கூடவே மலைவாழைப்பழத் துண்டுகள். சாப்பிடும் நொடியில் ஊற்றுங்கள், முன்னாலேயே ஊற்றி வைத்தால் ஊறிவிடும். மிஞ்சினால் முழுக்க ஆறவிட்டு, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் போடுங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஐஸ் விடவைக்காமல் அப்படியே டோஸ்டரிலோ, அதே மெஷினிலோ இரண்டு நிமிடம் சூடு காட்டினால் மறுபடி முறுகிவிடும், மைக்ரோவேவில் மட்டும் வேண்டாம், அதில் தொளதொளத்துத்தான் வெளியே வரும்.